வியப்பும் ஒரு சான்று: கம்பம்மெட்டின் இருபுறமும் அபுனைவு வாசிப்பு

ஒரு நூலைப் படித்து மகிழ்ந்தவர் அடுத்தவரிடம் "இதைக் கட்டாயம் படியுங்கள்" என்று சொல்வது அன்றாட நிகழ்வு. வரலாற்றாய்வில் அச்சொல்லுக்கு இடம் கிடைப்பது அரிது. நூலை எழுதியவர் யார், அச்சிட்டவர் யார், எத்தனை பதிப்புகள் வந்தன, அரசு அதைத் தடை செய்ததா என்றெல்லாம் கேட்கிறோம். இவற்றுக்கு ஆவணக் காப்பகங்களில் விடை கிடைக்கிறது. படித்தவர் என்ன சொன்னார் என்பதோ காற்றோடு போய்விடுகிறது. எங்கேனும் எஞ்சியிருந்தாலும் அதை வெறும் புகழ்ச்சி என்று ஒதுக்கிவிடுகிறோம்.

புனைவல்லாத நூல்களைப் பொறுத்தவரை இவ்வாறு ஒதுக்குவது பேரிழப்பு என்பது என் துணிபு. கதையைப் பாராட்டும் வாசகர் பெரும்பாலும் கதையைப் பற்றியே பேசுகிறார். தன்வரலாற்றையோ பயண நூலையோ ஓர் அணையின் வரலாற்றையோ பாராட்டும் வாசகர் விரைவில் தம்மைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார். "இது எங்கள் வீட்டிலும் நடந்தது" என்பார் ஒருவர். "இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே" என்பார் மற்றொருவர். "இதை வைத்து அவர்களுக்குப் பதில் சொல்லலாம்" என்பார் மூன்றாமவர். முதலாவதைச் சாட்சியம் என்றும், இரண்டாவதைக் கல்வி என்றும், மூன்றாவதை வழக்கு என்றும் வகைப்படுத்தலாம். இம்மூன்றும் அந்த வாசகருக்கு வாழ்வில் எது மறுக்கப்பட்டிருந்தது என்பதை நமக்குக் காட்டுகின்றன. ஆனால் நூலில் சொல்லப்பட்டது உண்மை என்பதற்கு இவை சான்றாகா. இந்த வேறுபாட்டை, தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தையும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தையும் இணைக்கும் கம்பம்மெட்டுக் கணவாயை நடுவில் வைத்து விளக்க முயல்கிறேன்.

1

வாசகரின் சொல்லைச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் உலக வரலாற்றியலுக்குப் புதிதன்று. கார்லோ கின்ஸ்பர்க் 1976இல் வெளியிட்ட 'பாலாடைக்கட்டியும் புழுக்களும்' என்னும் ஆய்வு, 16ஆம் நூற்றாண்டின் இத்தாலிய ஆலைத்தொழிலாளி மெனோக்கியோ எந்தெந்த நூல்களைப் படித்தான், அவற்றை எப்படித் தன்போக்கில் பொருள்கொண்டான் என்பதைச் சமய விசாரணைக் குறிப்புகளிலிருந்து மீட்டெடுத்தது. ராபர்ட் டார்ண்டன், லா ரோஷெல் நகரத்து வணிகர் ஒருவர் புத்தகம் கேட்டு எழுதிய கடிதங்களைக் கொண்டு ரூசோவின் வாசகர்களை ஆராய்ந்தார். ஜோனதன் ரோஸ், பிரிட்டனின் உழைக்கும் மக்கள் எழுதிவைத்த தன்வரலாறுகளிலிருந்து அவர்களது வாசிப்பைத் தொகுத்து 2001இல் பெருநூலாக்கினார். தமிழில் ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' இத்துறையைத் தொடங்கிவைத்தது. உரக்கப் படித்தல், கூட்டாகக் கேட்டல், மௌனமாக வாசித்தல் ஆகிய பழக்கங்களுக்கும் வரலாறு உண்டு என்பதை நம் மாணவர்கள் அறிந்துகொண்டது அந்நூலின் வழியாகத்தான். ஆயினும் அங்கே மையத்தில் இருந்தது நாவல். அபுனைவு வாசகர் இன்னும் வாயிலில்தான் நிற்கிறார்.

அவர் எண்ணிக்கையில் குறைந்தவர் அல்லர். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது. ஏடு தேடி அலைந்த ஒரு முதிய புலவரின் வாழ்க்கை, நகைச்சுவைக்கும் தொடர்கதைக்கும் பெயர்பெற்ற ஒரு வெகுசன இதழில் இரண்டாண்டுகளுக்கு மேல் இடம்பிடித்தது. வாசகர் விரும்பாத ஒன்றை அத்தகைய இதழ் அவ்வளவு காலம் சுமந்திருக்காது. 1942 ஏப்ரலில் ஐயர் மறைந்ததால் அவ்வரலாறு முற்றுப்பெறாமல் நின்றது. இன்றளவும் அதைப் படித்து முடித்தவர்கள் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்களாகவே தங்களைக் கற்பனை செய்துகொள்வதைக் காண்கிறோம். நல்லாசிரியர் ஒருவர் தமக்கு வாய்க்கவில்லையே என்னும் ஏக்கம் அந்தப் பாராட்டுக்குள் இருக்கிறது.

1960களில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய பதிப்பகம் 'வாசகர் வட்டம்' என்றே பெயர் பூண்டது. சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' அதன் வெளியீடுகளுள் ஒன்று. ஓர் ஆற்றைத் தலைக்காவேரி முதல் பூம்புகார் வரை பின்தொடர்ந்து எழுதிய அந்நூல் பிற்காலத்தில் மறுபதிப்புக் கண்டு புதிய தலைமுறையின் வாசிப்புப் பட்டியல்களில் இடம்பெற்றது. மாநில எல்லையைத் தாண்டும் ஓர் ஆற்றைப் பற்றிய நூல், தண்ணீருக்காக வழக்காடும் காலத்தில் எப்படிப் படிக்கப்படுகிறது என்பது தனி ஆய்வுக்குரியது. அதே கேள்வியை வேறோர் ஆற்றின் கரையில் கேட்கவே கம்பம்மெட்டுக்கு வருகிறேன்.

2

கம்பம் நகரிலிருந்து வளைந்து ஏறும் மலைப்பாதையின் உச்சியில் உள்ளது கம்பம்மெட்டு. சோதனைச் சாவடியைத் தாண்டினால் கருணாபுரம் ஊராட்சி, அப்பால் நெடுங்கண்டம், வண்டன்மேடு, உடும்பன்சோலை. கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் இறங்கும் பெண் தொழிலாளர்களுக்கு இது அன்றாடப் பாதை. காய் பறிப்பது மலைமேல், குடும்பம் மலையடியில். கூலியும் சரக்கும் மொழியும் நாள்தோறும் இவ்வழியே ஏறி இறங்குகின்றன.

1956 நவம்பர் 1 வரை இந்தக் கோடு திருவிதாங்கூர்-கொச்சிக்கும் சென்னை மாநிலத்துக்கும் இடைப்பட்டது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. அதே 1950களின் நடுவில் நெடுங்கண்டத்தை அடுத்த கல்லார் பகுதியில் அரசு ஆதரவுடன் மலையாளக் குடியேற்றம் நடந்தது. மொழிவாரி மாநிலப் பிரிவினையில் கன்னியாகுமரிப் பகுதி தமிழகத்துக்கு வந்தது, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. இடுக்கி மாவட்டம் 1972இல் உருவாயிற்று. எல்லைப் போராட்ட வரலாறாக இதனை நாம் பலமுறை படித்திருக்கிறோம். நூலக வரலாறாகவும் இதைப் படிக்கலாம்.

மலைக்குக் கிழக்கே, 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அது. எஸ்.ஆர். ரங்கநாதனின் சிந்தனையில் பிறந்தது. சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி வசூலித்து, மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைத்து, மேலிருந்து கீழாகக் கிளை நூலகங்களைப் பரப்பியது. மலைக்கு மேற்கே, பி.என். பணிக்கர் 1945இல் அம்பலப்புழையில் 47 ஊர் நூலகங்களைக் கூட்டித் தொடங்கிய கிரந்தசாலா சங்கம். ஊரார் தாமே தொடங்கி, தாமே உறுப்பினர் சேர்த்து, தாமே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்த நூலகங்களின் கூட்டமைப்பு அது. 1977இல் அரசு அதை ஏற்றது, 1989இல் சட்டம் வந்தது. எனினும் அடிப்படை அலகு இன்றும் ஊர் நூலகமே.

இந்த வேறுபாடு வாசகரின் குரலையும் பாதித்தது. கேரளத்தின் ஊர் நூலகத்தில் புத்தக விவாதம் ஒரு நிகழ்ச்சி. பள்ளி மாணவர் ஒரு நூலைப் படித்து 'ஆஸ்வாதனக் குறிப்பு' எழுதுவது ஒரு பயிற்சி. பணிக்கரின் நினைவு நாளான ஜூன் 19 வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. தமிழகக் கிளை நூலகங்களில் வாசகர் வட்டங்கள் உண்டு, ஆனால் அவற்றின் உயிர்ப்பு நூலகரின் தனி ஆர்வத்தைச் சார்ந்தது. மேற்கே வாசகர் தம் கருத்தைச் சொல்ல அரங்கம் இருக்கிறது, பெரும்பாலும் மலையாளத்தில். ஏலத்தோட்டத்துத் தமிழ் வாசகருக்கு மேற்கே மொழி தடை, கிழக்கே நேரம் தடை. இருட்டும்போது மலையிறங்குபவருக்கு நூலகத்தின் பூட்டிய கதவுதான் தெரியும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று ரங்கநாதன் 1931இல் வகுத்த விதிகள் இந்தக் கணவாயில் வந்து தடுமாறுகின்றன.

3

இத்தடுமாற்றத்துக்கு நடுவிலும் வாசிப்பு நடந்ததற்கு அதே இடுக்கி மாவட்டத்தின் வடபகுதியில் அரியதொரு சான்று உண்டு. தேவிகுளம் வட்டத்தின் இடமலைக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. 2010இல் அமைந்தது. முதுவர்கள் வாழும் காட்டூர்களின் தொகுதி. அங்கே இருப்புக்கல்லுக்குடியில் சின்னத்தம்பி என்னும் முதியவர் தம் தேநீர்க் கடையிலேயே ஒரு நூலகம் நடத்தினார். ஆசிரியர் பி.கே. முரளீதரன் அதற்குத் துணைநின்றார். இதழாளர் பி. சாய்நாத் அங்கு நடந்தே சென்று எழுதிய கட்டுரை 2014இல் வெளியானபோதுதான் வெளியுலகம் அதை அறிந்தது.

அந்த நூலகத்தில் இருந்தவை 160 நூல்கள். சாக்குப் பைகளில் வைக்கப்பட்டிருந்தன. உறுப்பினராக ஒருமுறை 25 ரூபாய், மாதம் 2 ரூபாய். பால் கலக்காத தேநீர் இலவசம். வைக்கம் முகம்மது பஷீர், எம்.டி. வாசுதேவன் நாயர், கமலா தாஸ் ஆகியோரின் படைப்புகளோடு காந்தியின் எழுத்துகளும், மலையாளத்தில் பெயர்க்கப்பட்ட சிலப்பதிகாரமும் அங்கே இருந்தன. சுமார் 25 குடும்பங்கள் வாழும் அவ்வூரில் 2013ஆம் ஆண்டில் 37 நூல்கள் இரவல் சென்றதாகச் சின்னத்தம்பியின் பதிவேடு காட்டியது. ஏறத்தாழ இருப்பில் நான்கில் ஒரு பங்கு. பெருநகர நூலகம் எதனோடும் இந்த விகிதத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆய்வு மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது அந்தப் பதிவேட்டைத்தான். அதில் பெயர், நூல், நாள் உண்டு. கருத்து இல்லை. ஆனால் காட்டுப் பாதையில் நடந்து வந்து ஒரு நூலை வாங்கிச் சென்று, மீண்டும் நடந்து வந்து திருப்பிக் கொடுத்து, அடுத்ததை எடுத்தவரின் செயலே ஒரு கருத்து. இரண்டாவது முறை வந்த வருகை முதல் நூலுக்கான மதிப்புரை. இரவல் பதிவேட்டைப் புள்ளிவிவரமாக மட்டும் பார்ப்போர் இதனைத் தவறவிடுகிறார்கள். ஒரே நூல் ஒரே குடியில் அடுத்தடுத்துப் பலர் கைக்குச் சென்றிருந்தால், அங்கே ஒருவர் மற்றவரிடம் "இதைப் படி" என்று சொல்லியிருக்கிறார் என்று ஊகிக்க இடமுண்டு. பதிவு செய்யப்படாத அந்தச் சொல்லின் தடம் நாள்களின் வரிசையில் கிடக்கிறது.

4

வாசகரின் உற்சாகம் எப்போதும் இவ்வளவு மென்மையானதாக இருப்பதில்லை. மீண்டும் தெற்கே, கம்பம்மெட்டுக்கு வந்தால் அங்கே அது வழக்காடும் உற்சாகம். காரணம், முல்லைப் பெரியாறு.

அடிப்படைச் செய்திகள் தெளிவானவை. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆண்டுக்கு 40,000 ரூபாய். பொறியாளர் ஜான் பென்னிகுக்கின் தலைமையில் எழுந்த அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. அத்திட்டத்தில் பணியாற்றிய ஏ.டி. மெக்கன்சி எழுதிய 'பெரியாறு திட்ட வரலாறு' 1899இல் சென்னையில் அச்சாயிற்று. மதகு, சுரங்கம், சுண்ணாம்புக் கலவை, கூலியாட்களை வதைத்த காய்ச்சல், வெள்ளத்தில் போன வேலை என்று நிரம்பிய அரசு நூல் அது. எழுதப்பட்டது பொறியாளர்களுக்காக.

ஒரு நூற்றாண்டு கழித்து இந்த அணையின் வரலாற்றைத் தேடிப் படிப்பவர்கள் பெருகினர். 1979இல் குஜராத்தின் மோர்வி அணை உடைந்ததைத் தொடர்ந்து எழுந்த அச்சத்தில் பெரியாற்றின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2006இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. 2011 டிசம்பரில் எல்லை கொந்தளித்தது. குமுளியிலும் கம்பம்மெட்டிலும் போக்குவரத்து நின்றது, ஏலத்தோட்டத் தமிழ்த் தொழிலாளர் பலர் அஞ்சி மலையிறங்கினர். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் கேரளத்தின் சட்டத்தைச் செல்லாது என்றது. இந்த ஆண்டுகளில் அணையைப் பற்றிய சிறுநூல்களும் கட்டுரைத் தொடர்களும் இரு மொழிகளிலும் வந்தன. பின்னர் அ. வெண்ணிலாவின் 'நீரதிகாரம்' ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, அணை கட்டிய கதையை ஒரு பெரிய வாசகர் திரளிடம் கொண்டுசேர்த்தது. நாவலாயினும் அதனைப் பலர் வரலாறாகவே படித்தனர்.

இங்கேதான் வரலாற்றாய்வாளரின் கடமை கூர்மையாகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பெருவழக்கான செய்தி ஒன்று: அரசு பணம் தர மறுத்தபோது பென்னிகுக் இங்கிலாந்து சென்று தம் சொத்துகளை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்பது. திட்டமோ சென்னை மாகாண அரசின் செலவில், அரசு மதிப்பீடுகளின்படி நடந்த பொதுப்பணி. மறுபுறம், கேரளத்தில் பெருவழக்கான செய்தி ஒன்று: மன்னர் விசாகம் திருநாள் தம் நெஞ்சின் குருதியால் ஒப்பமிடுவதாக வருந்திக் கூறி ஒப்பந்தத்துக்கு இசைந்தார் என்பது. விசாகம் திருநாள் 1885 ஆகஸ்டில் மறைந்துவிட்டார். ஒப்பந்தம் கையெழுத்தானது அடுத்த ஆண்டு, மூலம் திருநாள் ஆட்சியில், திவானின் கையொப்பத்துடன்.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று கொடுத்தவரின் தியாகம், மற்றொன்று இழந்தவரின் துயரம். வானம் பார்த்த பூமியில் பஞ்சத்தைக் கண்ட தலைமுறைகளின் பேரன்களுக்கு, தண்ணீர் தந்தவர் அலுவலராக மட்டும் இருப்பது போதவில்லை. அவரைக் குடும்பத்தில் ஒருவராக்கிக்கொண்டனர். பாலார்பட்டியில் அவர் பிறந்த ஜனவரி 15ஆம் நாளைப் பொங்கலோடு சேர்த்துக் கொண்டாடுகிறார்கள். லோயர் கேம்பில் 2013இல் மணிமண்டபம் எழுந்தது. அணைக்குக் கீழே வாழ்பவருக்கோ தம் அச்சத்துக்கு ஒரு தொடக்கக் கதை வேண்டியிருந்தது. பேரரசின் முன் தலைகுனிந்த மன்னரின் குருதி அதற்குப் பொருந்தியது. இக்கதைகளைத் தாங்கிய நூல்களை வாசகர் ஏன் இவ்வளவு விரும்பினர் என்று கேட்டால், நீரின் மீதுள்ள நன்றியையும் நீரின் மீதுள்ள அச்சத்தையும் நம்மால் அளக்க முடியும். அவற்றை 1886இன் நிகழ்வுகளுக்குச் சான்றாகக் காட்டினால் இரண்டு பொய்களைப் பாடநூலில் ஏற்றிவிடுவோம்.

வாசகரின் வியப்பைச் சான்றாகக் கொள்வதும் அதன் சொல்லை அப்படியே நம்புவதும் வேறு வேறு. ஒரே அணையைப் பற்றி மலையின் இருபுறமும் வெவ்வேறு அலமாரிகள் உள்ளன. ஒரு புறத்தின் நூலை மறுபுறத்தார் படிப்பதில்லை. 2011இன் பகைக்கு அரசியல் காரணங்கள் பல இருந்தன. ஆயினும் ஒருவருக்கொருவர் எதை வாசித்து நெகிழ்ந்தனர் என்பதை அறியாத நிலையும் அதற்குத் துணைபோயிற்று என்று கருதுகிறேன்.

5

அலமாரிகள் இரண்டாக இருந்தாக வேண்டும் என்று விதி ஏதுமில்லை. மலையைத் தாண்டி வந்த அபுனைவு நூல்களின் வரலாறு அதற்கு மறுப்பு.

குளச்சல் மு. யூசுப் மலையாளத்திலிருந்து தமிழாக்கிய தன்வரலாறுகளை நினைத்துப் பாருங்கள். நளினி ஜமீலா என்னும் பாலியல் தொழிலாளியின் தன்வரலாறு 2005இல் மலையாளத்தில் வந்து பெரும் விவாதத்தை எழுப்பியது. ஜி.ஆர். இந்துகோபன் பதிவு செய்த மணியன்பிள்ளையின் வாழ்க்கை தமிழில் 'திருடன் மணியன்பிள்ளை' ஆயிற்று. அம்மொழிபெயர்ப்புக்கு 2018ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. ஒரு பாலியல் தொழிலாளியும் ஒரு திருடரும் தம் வாழ்வைத் தாமே சொன்ன நூல்களைத் தமிழ் வாசகர்கள் கையிலெடுத்தபோது, 'இவர்கள் மலையாளிகள்' என்பது அவர்களுக்கு முதற்செய்தியாக இல்லை. காவல் நிலையம், நீதிமன்றம், வாடகை வீடு, மருத்துவமனை ஆகியவற்றின் முன் எளியவர் நிற்கும் நிலை இருபுறமும் ஒன்றே. "இது எங்கள் ஊரிலும் நடந்தது" என்னும் சாட்சிய உற்சாகம் மொழியெல்லையைக் கரைத்துவிட்டது.

எதிர்த்திசையில் நடந்த ஒரு வாசிப்பும் எண்ணத்தக்கது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்னும் நாவலை வெளியிட்டார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். நாவல் என்று அட்டை சொன்னாலும், அதைப் படித்த பலர் தோட்டத் தொழிலாளர் வரலாற்றின் ஆவணமாகவே பேசுகின்றனர். கங்காணியின் முன்பணத்தை நம்பி மலையேறிய குடும்பங்களின் வழித்தோன்றல்களுக்குத் தம் முன்னோரைப் பற்றிய எழுத்து வேறெங்கும் எளிதில் கிடைக்கவில்லை. அபுனைவு இல்லாத இடத்தில் வாசகர் புனைவையே அபுனைவாக மாற்றிக்கொள்கிறார். ஏலக்காட்டுத் தொழிலாளரின் வரலாறு இன்னும் எவ்வளவு எழுதப்பட வேண்டியிருக்கிறது என்பதை இந்த உற்சாகமே நமக்கு அறிவிக்கிறது.

6

ஆய்வு மாணவர்களுக்கு நான்கு வேண்டுகோள்கள்.

முதலாவது, இரவல் பதிவேடுகள். கிளை நூலகங்களிலும் ஊர் நூலகங்களிலும் பழைய பதிவேடுகள் இடமின்மையால் கழிக்கப்படுகின்றன. கழிக்கப்படும் முன் நூலகரின் இசைவுடன் அவற்றைப் படமெடுத்து வையுங்கள். வாசகர் பெயர்களை மறைத்துவிட்டு, நூலையும் நாளையும் மட்டும் பயன்படுத்தினாலே போதும்.

இரண்டாவது, வாய்மொழிப் பதிவு. "நீங்கள் என்ன படித்தீர்கள்?" என்று கேட்டால் பலர் கூசுகிறார்கள். "யாருக்காவது ஒரு புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னதுண்டா?" என்று கேளுங்கள். அதற்கு விடை வரும். விடையோடு ஏன் கொடுத்தார் என்பதும் வரும்.

மூன்றாவது, உற்சாகத்தை ஆவணத்தோடு உரசிப் பார்ப்பது. வாசகர் நெகிழ்ந்த இடத்தை மதியுங்கள், அந்த இடத்தில் சொல்லப்பட்ட நாளையும் தொகையையும் கையொப்பத்தையும் தனியே சரிபாருங்கள். நெகிழ்ச்சியையும் நிகழ்ச்சியையும் ஒரே குறிப்பில் எழுதாதீர்கள்.

நான்காவது, இருமொழி அலமாரி. கம்பம், கூடலூர் நூலகங்களில் பெரியாற்றைப் பற்றிய மலையாள நூல்களின் மொழிபெயர்ப்புகளும், கருணாபுரம், நெடுங்கண்டம் நூலகங்களில் தமிழ் நூல்களும் இடம்பெற வேண்டும் என்று கேட்பது ஆய்வாளரின் வேலைக்கு அப்பாற்பட்டதன்று. வாசகருக்கு மறுபுறத்தின் நூல் கிடைத்தால்தான் நமக்கு ஒப்பிட்டு ஆராயச் சான்று கிடைக்கும். அதற்கு மேலான பயனும் உண்டு. அடுத்த முறை மழை மிகுந்து நீர்மட்டம் ஏறும்போது, கீழே இருப்பவர் எதற்கு அஞ்சுகிறார் என்பது கம்பத்தில் ஒருவருக்கும், வயலில் இருப்பவர் எதற்கு நன்றி சொல்கிறார் என்பது நெடுங்கண்டத்தில் ஒருவருக்கும் முன்பே தெரிந்திருக்கும்.

இப்பகுதியில் களப்பணி செய்யும் மாணவர்கள் தமக்குக் கிடைத்த பழைய நூலகப் பதிவேடுகள், வாசகர் வட்டக் குறிப்புகள், நூல்களின் ஓரங்களில் எழுதப்பட்ட வரிகள் ஆகியவற்றைப் பற்றிப் பின்னூட்டத்தில் தெரிவித்தால் அனைவருக்கும் பயன்படும்.